ஒருமுறை சொன்னால் நம்பாத மறுபடியார்

மலாயா முழுவதும் சல்லடை போட்டுச் சலித்தாலும் மறுபடியாரைப் போல ஒரு சொல்லைச் சந்தேகப்பட்ட மனிதர் கிடைக்க மாட்டார். ஆண்டவனே நேரில் வந்து, "பக்தா, என்ன வரம் வேண்டும்?" என்று கேட்டிருந்தாலும், "வரமா, மரமா? மறுபடி சொல்லுங்க" என்றுதான் அவர் பதில் சொல்லியிருப்பார். நான் மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். என்னுடைய தீபாவளி வாழ்த்தையே மூன்று தடவை சொல்ல வைத்து வாங்கிக்கொண்டவர் அவர்.

செட்டியார், முதலியார் மாதிரி இதுவும் ஒரு வகுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். மறுபடியார் என்பது எங்கள் ஸ்டேஷன் அவருக்குச் சூட்டிய பட்டம். சொந்தப் பெயர் என்று ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். ஆனால் அவர் கையெழுத்தை யாராலும் படிக்க முடிந்ததில்லை.

ஜொகூரில், குளுவாங்கிலிருந்து தெற்கே ரெங்கம் போகிற ரயில் பாதையில், சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் நெருக்க, நடுவே மூச்சுவிடக் கிடைத்த இடம் மாதிரி ஒரு சின்ன ஸ்டேஷன். ரப்பர் விலை தலைகுப்புற விழுவதற்கு முந்திய வருஷங்கள் அவை. நான் அங்கே சரக்குக் கிளார்க். மறுபடியார் தந்திக் கிளார்க். ரயில் சம்பந்தப்பட்ட செய்திகளோடு தோட்டத்து ஜனங்களின் தந்திகளும் எங்கள் கம்பி வழியாகத்தான் வந்து போகும். எனக்கு இருபத்தாறு வயது, அவருக்கு நாற்பதுக்கு மேல். இரண்டு பிரம்மச்சாரிகளுக்கும் சேர்த்து ஒரே குவார்ட்டர்ஸைக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே இவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு. தழும்பும் உண்டு.

தழும்பு என்றால் மெய்யாகவே தழும்புதான். அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் ஒரு நிமிஷம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. மேஜையில் தட்டும், சோற்றுத் தட்டில் தட்டும், நாவிதர் தலையைப் பிடித்து அழுத்தினால் நாற்காலிக் கைப்பிடியில் தட்டும். ஒன்றும் அகப்படாவிட்டால் என் முதுகு.

"தம்பி, இப்ப உங்க முதுகுல என்ன அடிச்சேன், சொல்லுங்க?"

"தெரியலையே அண்ணே."

"'மழை வருது, துணியை எடுங்க'ன்னு அடிச்சேன். துணி நனைஞ்சா என் மேல குத்தம் இல்லை. நான் அனுப்பிட்டேன்."

"வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"வாயால சொன்னா மட்டும் உங்க தலைக்குள்ள போயிடுமா? காதுக்குப் போகும். காது வேற, தலை வேற. ரெண்டுக்கும் நடுவுல எத்தனை ஸ்டேஷன் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

இதுதான் அவருடைய மதம், தத்துவம், வியாதி எல்லாம். மனிதனின் தலை ஒற்றைத் தண்டவாளம். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்து பக்கத்திலிருந்தும் ரயில்கள் ஓயாமல் வந்து கத்துகின்றன. உள்ளே ஒரே ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் உட்கார்ந்துகொண்டு, ஒரு நேரத்தில் ஒரு ரயிலுக்குத்தான் வழி விடுகிறார். மற்றவை வெளியே நின்று, நின்று, அப்படியே காட்டுக்குள் திரும்பிப் போய்விடுகின்றன. "நாம பார்த்தோம்னு நினைக்கிறதுல முக்கால்வாசி நாம பார்க்கலை தம்பி. கேட்டோம்னு நினைக்கிறதுல முக்கால்வாசி நாமளா வச்சு நிரப்பினது" என்பார்.

நிரூபித்தும் காட்டினார். ஒரு நாள் சரக்கு ரயில் போகும்போது பெட்டிகளை எண்ணச் சொன்னார். நான் மும்முரமாக எண்ணிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் நின்று பத்துப் பழங்களின் பெயரை வாசித்தார். கடைசியில் எனக்குப் பெட்டியும் தெரியவில்லை, பழமும் தெரியவில்லை. அவருக்கோ புதையல் கண்ட சந்தோஷம். அன்று முதல் பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எவருக்கும் நிம்மதி இல்லை. வழிமறித்து, "ஆணி, வாழை, குடை, தவளை, சுண்ணாம்பு, செருப்பு, நிலா. திருப்பிச் சொல்லுங்க" என்பார். ஏழு சொல்லையும் சொன்னவர்களுக்கு ஒரு வெற்றிலை பரிசு. எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் நாலோடு நின்றுவிட்டார். தவளைக்குப் பிறகு அவருக்கு ஒன்றும் வரவில்லை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கொஞ்சம் இறுக்கம்.

செய்தி எது, சத்தம் எது என்பதிலும் அவருக்குக் கறாரான கொள்கை. தெரியாததைச் சொன்னால்தான் செய்தி. தெரிந்ததைச் சொன்னால் அது வெறும் சத்தம். போர்ட்டர் ஓடி வந்து, "ஐயா, மழை வருது" என்றால், "இந்த ஊர்ல அது செய்தியா? மழை வரலைன்னா வந்து சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பத்திரிகையைக் கையில் மைப் பேனாவோடுதான் படிப்பார். முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய வரியையெல்லாம் அடித்துக்கொண்டே போவார். தலைவர் பேசினார், கூட்டம் கைதட்டியது, அடி. விலைவாசி ஏறியது, அடி. மந்திரி வருந்தினார், ரெண்டு கோடாக அடி. அவருக்குப் பிறகு பத்திரிகை என் கைக்கு வரும்போது மூன்று வரியும் ஒரு தலைவலித் தைல விளம்பரமும்தான் மிஞ்சியிருக்கும்.

ஆனால் ஊரே அவரை உதைக்கத் தேடியது சளி விவகாரத்துக்குப் பிறகுதான்.

ஒரு சொல் பல வாய்கள் வழியாகப் போனால் என்ன ஆகிறது என்று பார்க்க அவருக்கு வெகு நாளாக ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிக்கெட் வாங்க நீண்ட வரிசை. மறுபடியார் கடைசி ஆளின் காதில், "தோட்டத்துப் பெரிய துரைக்குச் சளி பிடிச்சிருக்காம். முன்னால இருக்கவர்கிட்ட சொல்லு" என்றார். சொல்லிவிட்டு ஜன்னலருகே போய், செய்தி வந்து சேரக் காத்திருந்தார். வரிசையின் முதல் ஆள் டிக்கெட்டை விட்டுவிட்டுக் கத்தினார்:

"அலமாக்! பெரிய துரையைப் புலி பிடிச்சிருச்சாம்!"

அரை மணி நேரத்தில் தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரும் பாராங்கத்தியும் தடியும் தகரமுமாகத் துரை பங்களாவைச் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளிருந்து துரை மூக்கைத் துடைத்தபடி வெளியே வந்தார். நாற்பது கத்திகளைப் பார்த்ததும் அவருக்குச் சளி அங்கேயே நின்றுவிட்டதாகக் கேள்வி. நான் பதறிப்போய் ஸ்டேஷனுக்கு வந்தால், இவர் ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசையில் நின்ற ஆட்களின் பெயரை எழுதி, ஒவ்வொருவரிடமும் என்ன கேட்டாய், என்ன சொன்னாய் என்று விசாரித்து முடித்திருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன் தம்பி. புலி ஏழாவது ஆள்கிட்ட பொறந்திருக்கு!"

"அண்ணே, தோட்டத்துக்காரங்க உங்களைத் தேடிட்டு வர்றாங்க."

"யார் சொன்னது? நீங்களே பார்த்தீங்களா, இல்லே இன்னொருத்தர் சொல்லிக் கேட்டீங்களா?"

ஜன்னல் வழியே அவரே பார்த்தார். பிறகு பார்சல் அறைக்குள் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து விரல் தட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்படிப்பட்டவரிடம்தான் காத்தமுத்துவின் தந்தி வந்து சேர்ந்தது.

காத்தமுத்து பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவன். மனைவி வள்ளிக்குத் தலைப்பிரசவம். தாய் வீடு கடலுக்கு அப்பால் இருந்ததால், வடக்கே லாபீஸில் இருந்த அவளுடைய அக்காள் வீட்டுக்கு அனுப்பியிருந்தான். அவளுக்குப் போக மனமில்லை. "எம்புள்ள நம்ம லயத்து வீட்டுலதான் பொறக்கணும்" என்று ரயில் ஏறும்போதே அழுதவள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும் என்று கணக்கு.

அன்று நடுப்பகலுக்குச் சற்று முன்பு கருவி தட்ட ஆரம்பித்தது. மறுபடியார் எழுதிக்கொண்டார். அக்காள் புருஷன் கொடுத்த தந்தி. இரண்டே சொல்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். தந்திக் கம்பிக்குத் தமிழ் தெரியாது. தமிழ்த் தந்தி என்றாலும் இங்கிலீஷ் எழுத்தில்தான் போக வேண்டும். அங்கே ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. காகிதத்தில் அவர் எழுதியிருந்ததைத் தமிழில் படித்தால் இரண்டு விதமாகப் படிக்கலாம்.

வள்ளி வழியில். அல்லது, வள்ளி வலியில்.

ஆள் அனுப்பி வரவழைத்த காத்தமுத்து, கையில் பால் வாளியோடு ஓடி வந்து நின்றான். மறுபடியார் இரண்டையும் வாசித்துக் காட்டினார். அவன் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு வெளுத்தது.

"அப்ப வர்றாளா சாமி? இல்லே வலி கண்டிருச்சா?"

"அதான் தெரியலை."

"வலின்னா நான் இப்ப வர்ற ரயில்ல லாபீஸ் போகணும். அவ வர்றான்னா நான் இங்க நிக்கணும். நான் பாட்டுக்குப் போயிட்டா அவ தனியா வந்து எறங்கி, வயித்தைத் தூக்கிக்கிட்டு நாலு கட்டை தூரம் எப்படி நடப்பா? சொல்லுங்க சாமி, நான் ஏறணுமா, இருக்கணுமா?"

வடக்கே போகும் ரயில் வர இருபது நிமிஷம். லாபீஸ் பக்கமிருந்து தெற்கே வரும் ரயில் அதற்கும் பின்னால். இரண்டும் எங்களுக்கும் குளுவாங்குக்கும் நடுவே, காட்டுக்குள் ஒரு கிளைத்தடத்தில் ஒன்றையொன்று கடந்து போகும். அங்கே பிளாட்பாரம் கிடையாது. யாரும் இறங்க முடியாது. அவன் ஒரு ரயிலில் போக, அவள் மற்றதில் வர, ஒருவரையொருவர் பாராமலே கடந்துவிடுவார்கள்.

மறுபடியார் கருவியின் முன் உட்கார்ந்தார். லாபீஸைக் கூப்பிட்டு, தமக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். மறுபடி சொல் என்றார்.

லாபீஸ் மறுபடி சொன்னது. அதே எழுத்துகள்.

மறுபடி. அதே எழுத்துகள்.

ஐந்தாவது தடவை லாபீஸ் கிளார்க்குக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் ஒரு சீனர். தமிழில் ஒரு சொல் தெரியாது. எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் அனுப்பியிருக்கிறார். அவர் மேல் குற்றமே இல்லை.

அப்போதுதான் மறுபடியாரின் விரல் நின்றது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அது நின்றதை நான் பார்த்தேன்.

"தம்பி," என்றார் தாழ்ந்த குரலில். "எல்லா எழுத்தும் சரியா வந்திருக்கு. ஒண்ணுகூடத் தப்பில்லை. ஆனா செய்தி வரலை."

நூறு தடவை திருப்பிக் கேட்டாலும் எழுத்துதான் திரும்பி வரும், அர்த்தம் வராது என்பது அவருக்கு உறைத்த நேரம் அது. பாவம், அவருடைய மதமே இடிந்து விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அரை நிமிஷம்தான். பிறகு துள்ளி எழுந்து வேறு மாதிரிக் கேள்விகளை அடிக்க ஆரம்பித்தார். எனக்கு அந்தப் பாஷை கொஞ்சம் பழகியிருந்ததால் பின்தொடர முடிந்தது.

தந்தி கொடுத்தவர் எப்படி இருந்தார்?

வியர்த்திருந்தார்.

"வியர்த்திருக்காராம்! அப்ப வலிதான்!" என்று காத்தமுத்து பாய்ந்தான்.

"பொறு" என்று மேலே கேட்டார். ஓடி வந்து வியர்த்ததா?

இங்கே எல்லாருக்கும் வியர்க்கிறது.

கையில் ஏதாவது வைத்திருந்தாரா?

ஒரு கோழி.

மறுபடியார் தலையைப் பிடித்துக்கொண்டார். "கோழி. வழியனுப்ப வந்தவன் கோழி கொண்டு வருவானா? பிள்ளை பெத்தவளுக்குச் சாறு வைக்கக் கோழியா?"

"அந்தாளு எங்க போனாலும் கோழியோடதான் போவாரு சாமி" என்றான் காத்தமுத்து. "கோழி வியாபாரம் பண்றாரு."

ரயிலில் கர்ப்பிணிப் பெண் யாராவது ஏறினாளா?

நான் கருவியைப் பார்ப்பவன். பயணிகளைப் பார்ப்பவன் அல்ல. இத்துடன் லாபீஸ் கிளார்க் சாப்பிடப் போய்விட்டார்.

அதற்குள் வடக்கே போகும் ரயில் ஊதிக்கொண்டு வந்து நின்றுவிட்டது. காத்தமுத்து ஒரு கால் படியிலும் ஒரு கால் பிளாட்பாரத்திலுமாக நின்று, "ஏறணுமா சாமி? இருக்கணுமா?" என்று கதறினான். எஞ்சின் பெருமூச்சு விட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் கைக்கடிகாரத்தோடு வந்தார். ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் 'வரலாம்' என்று தந்தி கொடுத்தால்தான் ரயில் புறப்படலாம். அதற்குப் பெயர் லைன் கிளியர்.

"லைன் கிளியர் வந்தாச்சா?" என்று மாஸ்டர் கேட்டார்.

வந்திருந்தது. நாலு நிமிஷத்துக்கு முன்பே வந்திருந்தது. அது தட்டியதை நானே கேட்டேன்.

மறுபடியார் மாஸ்டரின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"வரலை."

ஒரு எழுத்துக்காக உயிரை விடுகிற மனிதர், முழுசாக ஒரு பொய் சொன்னார்.

"என்னய்யா சொல்றீங்க? மறுபடி கேட்டுப் பாருங்க" என்றார் மாஸ்டர்.

"கேட்டுட்டே இருக்கேன்."

மாஸ்டர் அந்தப் பக்கம் போனதும் அவர் குளுவாங்கைக் கூப்பிட்டார். வடக்கே போகும் ரயில் இங்கே நிற்கிறது, மறு தடம் காலி, தெற்கே வரும் ரயிலைக் காட்டில் நிறுத்தாமல் நேராக இங்கே அனுப்பு என்று அடித்தார். பிறகு வெளியே வந்து காத்தமுத்துவின் தோளைப் பிடித்துப் படியிலிருந்து இறக்கினார்.

"ஏற வேணாம். இருக்கவும் வேணாம். சும்மா நில்லு. ரெண்டு ரயிலும் இப்ப இங்கேயே சந்திக்கும். அதுல அவ இருந்தா இறக்கிக்க. இல்லைன்னா இதுல ஏறிப் போ. எந்த வலியா இருந்தாலும் எந்த வழியா இருந்தாலும் நீ தவற விட மாட்டே."

முப்பது நிமிஷத்துக்கு மேல் அந்த ரயில் நின்றது. பயணிகள் இறங்கி வந்து மாஸ்டரைத் திட்டினார்கள். கார்டு வந்து மறுபடியாரைத் திட்டினார். முதல் வகுப்பில் இருந்த ஒரு துரை, ஆள் யார் என்று பாராமல் என்னைத் திட்டினார். மறுபடியார் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். வேட்டை நாய்கூட அப்படி அலைந்து நான் கண்டதில்லை.

கடைசியில் வடக்கே புகை தெரிந்தது. தெற்கு ரயில் வந்து நிற்பதற்கு முன்பே மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றிலிருந்து நாலைந்து பெண்கள் ஒரே குரலில் கூச்சலிட்டார்கள்.

வள்ளி உள்ளே இருந்தாள். பலகையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. லாபீஸில் நன்றாகத்தான் ஏறியிருக்கிறாள். குளுவாங் தாண்டியதும் வலி பிடித்துவிட்டது.

காத்தமுத்து அவளைக் குழந்தை மாதிரி தூக்கி இறக்கினான். பார்சல் அறையை ஒழித்துக் கொடுத்தோம். போர்ட்டர் பக்கத்துக் கம்பத்துக்கு, அதாவது மலாய்க் கிராமத்துக்கு, ஓடி மருத்துவச்சி ஒருத்தியை அழைத்து வந்தான். அந்த அம்மாள் வந்ததும் எங்களைப் பார்த்து, "கெலுவார்! கெலுவார்!" என்று ஒரே விரட்டு. மாஸ்டர் உட்பட எல்லாரும் வெளியே ஓடினோம். இரண்டு ரயிலும் போகலாம் என்றான பிறகும், பெட்டியில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்சல் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே ஒரு புதுக் குரல் வீறிட்டது.

"பெரம்புவான்" என்றாள் மருத்துவச்சி கதவைத் திறந்து. பெண்.

"மறுபடி சொல்லுங்க" என்றார் மறுபடியார். அந்த அம்மாள் பிள்ளையைத் தூக்கியே காட்டிவிட்டாள்.

அவர் உடனே லாபீஸுக்குத் தந்தி அடித்தார். இதில் பிசகு வரக்கூடாது என்று சொல்லை இரண்டு தடவை அனுப்பினார். பெண், பெண். லாபீஸ் கிளார்க் அதை இங்கிலீஷாகப் படித்து, இங்கே யாருக்கோ இரண்டு பேனா வேண்டும்போல என்று நினைத்திருக்கிறார். அக்காள் புருஷன் தமிழாகப் படித்து, மறுநாள் காலை ரயிலில் இரண்டு தொட்டில் சேலை, இரண்டு பால் சங்கு, இரண்டு கோழியோடு வந்து இறங்கினார். ஒரே பிள்ளையைக் காட்டியதும், "இன்னொண்ணு எங்க?" என்று கேட்டுவிட்டு எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"நீங்க தந்தியில என்ன எழுதச் சொன்னீங்க?" என்று மறுபடியார் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"வழியிலன்னுதான். நானே ஏத்திவிட்டேனே லா! புருஷன்கிட்டதான் போவேன்னு ஒரே அடம்."

மறுபடியார் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சுவைத்தார். "கொடுக்கும்போது வழி. அவ வந்து சேரும்போது வலி. ஒரு எழுத்தும் மாறாம, சேதி மட்டும் மாறியிருக்கு!" அந்த வாரம் முழுவதும் என் முதுகுக்கு ஓய்வே இல்லை.

ஆனால் மாஸ்டருக்கு உண்மை தெரிந்துபோயிற்று. குளுவாங் கொடுத்த லைன் கிளியர் நேரம் அங்கே பதிவாகியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. "எழுதித்தான் ஆகணும்யா, வேற வழி எனக்கும் இல்லை" என்றார். மறுபடியார் அந்தப் புகாரை வாங்கி உரக்க வாசித்தார். "முப்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கீங்க. முப்பத்தேழு. திருத்துங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மேலிடம் விளக்கம் கேட்டது. ரயில் ஏன் நின்றது என்ற ஒரு வரிக் கேள்விக்கு, இங்கிலீஷில் ழகரம் இல்லாததால் என்று தொடங்கி நாலு பக்கம் எழுதினார். படித்தவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ தெரியாது. வேலையை விட்டு நீக்கவில்லை. கிளந்தான் பக்கம், யானைகள் மட்டும் ரயில் பார்க்க வருகிற ஒரு காட்டு ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்கள்.

அவர் பெட்டி கட்டிய அன்று நான் கேட்டேன். "அண்ணே, ஏன் இப்படிச் செஞ்சீங்க? வந்ததை எழுதிக் கொடுக்கிறதோட உங்க வேலை முடிஞ்சுது. அதுக்கு மேல அவன் பாடு."

அவர் வேஷ்டியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"முன்ன ஒரு ஊர்ல இருந்தேன். அங்க ஒரு குடும்பஸ்தருக்கு, கடலுக்கு அப்பால சொந்த ஊர்லேருந்து அண்ணன்காரர் தந்தி கொடுத்தார். 'வர வேண்டாம்'னு. ஊர்ல காலரா. அன்னிக்கு இங்க இடி, மின்னல். கம்பியில ஒரு புள்ளி கூடுதலா விழுந்துச்சு. ஒரே ஒரு புள்ளி தம்பி. 'வேண்டாம்', 'வேண்டும்' ஆயிடுச்சு. எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஆனா பசி நேரம். மறுபடி கேட்கலை."

"அவர் ஊருக்குப் போயிட்டாரா?" என்று கேட்டேன்.

"பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்களோட கப்பல் ஏறினார். எட்டு மாசம் கழிச்சு அதே ஸ்டேஷன்ல வந்து எறங்கினார். அவர் மட்டும். என்னைப் பார்த்தார். அப்படியே நடந்து போயிட்டார். தந்தியில தப்புன்னு அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. நானும் கேட்கலை."

வேஷ்டியை ஐந்தாவது தடவையாகப் பிரித்து மடித்தார். விரல் வேஷ்டியின் மேல் எதையோ தட்டியது. நான் அதைப் படிக்க முயலவில்லை.

மறுநாள் காலை ரயிலில் போய்விட்டார். காத்தமுத்துவும் வள்ளியும் பிள்ளையோடு வந்திருந்தார்கள். அவர் குனிந்து அதன் உள்ளங்காலில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அது காலை இழுத்துக்கொண்டு கொட்டாவி விட்டது. "சேதி போய்ச் சேர்ந்திருச்சு" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அதன் பிறகு எனக்குத் தனிக் குவார்ட்டர்ஸ். பத்திரிகையை முழுசாகப் படித்தேன். ஒரு சொல்லை ஒரு தடவை சொன்னால் போதும் என்ற நாகரிகமான மனிதர்களோடு பழகினேன். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் ஆயிற்று, பேரன்களும் வந்துவிட்டார்கள். நான் வாயைத் திறந்தால் எல்லாரும் உடனே தலையை ஆட்டிவிடுகிறார்கள். இத்தனை வருஷத்தில், நான் சொல்வதை அந்த மனிதர் கேட்ட மாதிரி இன்னொருவர் கேட்டதில்லை.